அறிக்கையை யார் படிக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

ஒரு திட்டம் வருமுன் அதனால் மக்கள் உடல்நலம் என்னவாகும் என்று கணிக்கும் ‘சுகாதாரத் தாக்க மதிப்பீடு’ பற்றி அண்மையில் ஓர் உரை கேட்டேன். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ அறிக்கைகள் பீரோவுக்குள் போனதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலாவது இவை உள்ளூர் முடிவுகளை மாற்றியதுண்டா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மாற்றியதுண்டு. ஆனால் அறிக்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டது என்பது அதைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் டிரினிட்டி பிளாசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட 360 வீடுகள். 2003ஐ ஒட்டி, அவற்றை இடித்துவிட்டுப் பெரிய அடுக்குமாடி வளாகம் எழுப்ப உரிமையாளர் முனைந்தார். நகரின் பொதுச் சுகாதாரத் துறை தலையிட்டது. இடிக்கும்போது எழும் புழுதியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். துறை பேசியது வெளியேற்றப்படும் மனிதர்களைப் பற்றி: அந்த வாடகைக்கு அவர்களுக்கு வேறு வீடு கிடைக்காது; நெரிசலில் ஒண்டுவார்கள், அல்லது வாடகைக்காகச் சாப்பாட்டில் கைவைப்பார்கள்; அக்கம்பக்கத்துத் துணையும் போய்விடும். இதையெல்லாம் சுற்றுச்சூழல் ஆய்வில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நகரத் திட்டமிடல் துறை சொன்னது. குடியிருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். கடைசியில் புதிய வளாகத்தில் அதே கட்டுப்பாட்டுடன் 360 வீடுகளைத் தர உரிமையாளர் இசைந்தார்.

இத்தனைக்கும் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் சுகாதாரத் துறைக்குக் கிடையாது. உரிமையாளருக்கு நகரத்தின் அனுமதி இன்னும் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நேர்மாறாக நடந்தது. பேட்டில்மென்ட் மேசா, ஓய்வுபெற்றவர்கள் நிறைய வாழும் ஊர். அதற்குள்ளேயே சுமார் 200 எரிவாயுக் கிணறுகள் தோண்ட அன்டெரோ நிறுவனம் திட்டமிட்டது. ஊர்மக்கள் வற்புறுத்தியதால் கார்ஃபீல்ட் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகமே கொலராடோ பொதுச் சுகாதாரப் பள்ளியிடம் மதிப்பீட்டை ஒப்படைத்தது. காற்று மாசு, லாரிப் போக்குவரத்து, இரைச்சல், விபத்து என எதையும் விடாமல் பார்த்தார்கள். 2010இல் ஒரு வரைவு, 2011 தொடக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் கருத்துகள் குவிந்தன. 2011 மே மாதம், இறுதி அறிக்கையே வேண்டாம் என்று நிர்வாகம் வேலையை நிறுத்திவிட்டது. காசு கொடுத்துக் கேட்ட கேள்விக்குப் பதில் வரும் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்! ஆய்வுக் குழு விடவில்லை. கிணறுகளிலிருந்து அரை மைலுக்குள் வசிப்பவர்களுக்குக் காற்று மாசினால் வரும் ஆபத்து, தள்ளி வசிப்பவர்களைவிடக் கூடுதல் என்ற கணக்கை 2012இல் ஆய்விதழில் வெளியிட்டது.

ஐரோப்பாவில் 17 மதிப்பீடுகளை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு நூல் ஒன்று, அவற்றின் பயனை நான்காகப் பிரிக்கிறது. முடிவை நேரடியாக மாற்றியவை, மாற்றாவிட்டாலும் கவனிக்கப்பட்டவை, ஒரு பயனும் இல்லாதவை என்ற மூன்றும் நீங்கள் எதிர்பார்ப்பவைதான். நான்காவது, எடுக்கப்போகும் முடிவுக்குச் சாதகமாகவே வரும் என்று தெரிந்து செய்யப்படுபவை. நகராட்சியில் இருந்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி எங்காவது இப்படியொரு மதிப்பீடு நடப்பதாகக் கேள்விப்பட்டால், அனுமதி கொடுத்தாகிவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு பரிந்துரைக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் நான் அந்த அறிக்கையைப் படிக்க மாட்டேன்.