கேமுக்குள் ஒளிந்திருக்கும் இரகசியங்களைத் தேடித் திரிவதால் ஏதாவது பிரயோசனம் உண்டா?

உண்டு. ஆனால் தேடிக் கண்டுபிடித்த பொருளால் இல்லை, தேடும்போது போட்ட சண்டைகளால். கிளிநொச்சியில் ஏ.எல். கணிதப் பிரிவு படித்த காலத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர். ரியூசன் முடிந்தால் வட்டக்கச்சியில் கூட்டாளி ஒருவனின் வீட்டு விறாந்தையில்தான் இருப்போம். கொம்பியூட்டர் அங்கேதான் இருந்தது.

கேமின் பெயர் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவில் உருவாகி 2011இல் முதன்முதலாக வெளிவந்தது. கேர்பல்கள் என்ற பச்சை நிறக் குட்டி மனிதர்களுக்கு ரொக்கெற் கட்டி விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். கேமைச் செய்தவர்கள் கிரகங்களிலும் நிலவுகளிலும் யாருக்கும் சொல்லாமல் பலதை ஒளித்து வைத்திருந்தார்கள். நிலவில் பெரிய கல் வளைவு, நீல் ஆம்ஸ்ட்ரோங் நினைவுச் சின்னம் என்று பட்டியல் நீளும். செவ்வாயைப் போலச் செய்த டூனா என்ற சிவப்புக் கிரகத்தில் சத்தம் போடும் ஒரு பிரமிட் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

முதல் பயணம் வீண். டூனா தெரிகிற திசைக்கு மூக்கைத் திருப்பி எஞ்சினைப் போட்டோம். போய்ச் சேர்ந்தபோது அங்கே டூனா இல்லை. ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்க, பஸ் இப்போது நிற்கிற இடத்துக்கு ஓடினால் என்ன நடக்கும், அதேதான். சூரியனைச் சுற்றும் பாதையில் டூனா எங்களைவிட ஏறக்குறைய 44 பாகை முன்னால் இருக்கும்போது புறப்பட வேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போவதற்கும் கிட்டத்தட்ட அதே கோணம்தான். அந்தத் தருணம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

எரிபொருள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய சண்டை வந்தது. கேர்பல்கள் வாழும் கேர்பின் கிரகத்தின் ஆரை 600 கிலோமீட்டர் என்று ஒருவன் வாசித்தான். பூமிக்கு 6371. ஆனால் தரையில் ஈர்ப்பு ஆர்முடுகல் இரண்டுக்கும் 9.81. "அப்ப இது எதால செய்த கிரகம் மச்சான்?" என்று கேட்டான். உள்ளே முழுக்க இரும்பு என்றான் ஒருவன். இல்லை, ஈயம் என்றான் மற்றவன். பாஸ்ட் பேப்பர் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டோம். தரையில் ஈர்ப்பு அடர்த்தியையும் ஆரையையும் பெருக்குவதற்கு நேர்விகித சமன். ஆரை 10.6 மடங்கு குறைந்தால் அடர்த்தி 10.6 மடங்காக வேண்டும். பூமியின் சராசரி அடர்த்தி ஒரு கன சென்ரிமீட்டருக்கு 5.5 கிராம். அப்படியென்றால் கேர்பினுக்கு 58 வரை வருகிறது. இரும்பு 7.9, ஈயம் 11.3. இயற்கையில் மிகவும் அடர்த்தி கூடிய ஒஸ்மியமே 22.6தான்.

அப்படி ஒரு கல்லோ உலோகமோ எங்கேயும் கிடையாது. சரி, பிறகு ஏன் இப்படிச் செய்தார்கள்? அதற்கும் விடை அதே தாளில் இருந்தது. ஆரை சிறிதென்றால் சுற்றிவரத் தேவையான வேகமும் குறையும். பூமியைத் தாழ்வாகச் சுற்ற செக்கனுக்கு 7.8 கிலோமீட்டர் வேண்டும், இங்கே 2.3 போதும். விளையாடுகிறவன் அலுத்துப் போகாமல் சில நிமிடத்தில் மேலே ஏறிவிடலாம். பௌதிகவியல் புத்தகத்தில் அந்தச் சமன்பாட்டை அதற்கு முன் எத்தனை முறை பாடமாக்கினேன் என்று நினைவில்லை. விளங்கியது அன்றைக்குத்தான்.

முகம் போன்ற குன்று ஒன்றும் டூனாவில் உண்டு. 1976இல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த செவ்வாய்ப் படத்தில் முகம் போலத் தெரிந்த குன்றின் நினைவாக வைத்தது அது. பின்னாளில் எடுத்த தெளிவான படங்களில் அது வெறும் மலை.

பிரமிட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் நாள். கிட்டப் போகப் போக ஒரு கீச்சுச் சத்தம் கூடியது. ஒலியின் சுருதியில் படத்தை அடைத்து அனுப்பும் முறை அது: 1500 ஹேர்ட்ஸ் கறுப்பு, 2300 ஹேர்ட்ஸ் வெள்ளை, இடையில் சாம்பல். போனில் ரோபோட் 36 என்ற செயலியைப் போட்டு ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தோம். சத்தம் கலக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி வியர்த்து வழிந்துகொண்டு இருந்தோம். படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. பாதியில் ஒழுங்கையால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனது. அந்த இடத்தில் மட்டும் ஒரு பட்டி குழம்பி, அதற்குக் கீழே நிழலுருவங்களாகச் சில கேர்பல்கள் தெரிந்தன. திரும்ப எடுத்திருக்கலாம், ஆனால் லான்ட்மாஸ்டர் ஓடிய அந்தப் படத்தைத்தான் வைத்துக்கொண்டோம்.

டூனாவிலும் செவ்வாயிலும் உள்ள மெல்லிய காற்றில் சத்தம் கேட்குமா என்று அடுத்த சண்டை தொடங்கியது. அது அன்று முடியவில்லை. 2021இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக் செவ்வாயின் ஒலியைப் பதிவு செய்தபோது வாட்ஸ்அப்பில் மறுபடி தொடர்ந்தது. அங்கே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 240 மீட்டர்தான் ஓடுகிறது, சுருதி கூடிய ஒலியைக் கரியமில வாயு விரைவில் விழுங்கிவிடுகிறது. கேட்கும் என்றவனும் கேட்காது என்றவனும் ஆளுக்குப் பாதி சரி.

சர்வதேச விண்வெளி நிலையமும் ஒலியில் படத்தை அடைக்கும் இதே முறையில் 145.800 மெகாஹேர்ட்ஸில் இடைக்கிடை படம் அனுப்புகிறது என்று தெரிந்ததும் எங்களிடம் வானொலி இல்லாவிட்டாலும் அதைக் கண்ணாலாவது பார்ப்போம் என்று ஒரு பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனோம். சொன்ன நேரத்துக்கு வந்தது. சத்தமில்லாமல், மினுங்காமல், ஒரே சீராக ஓடும் வெளிச்சம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையை நிமிர்த்தி, "வண்டோ தம்பி?" என்று கேட்டார். யுத்த காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னியில் அதுதான் பெயர்.

"இல்லை ஐயா, அதுக்குள்ள மனிசர் இருக்கினம்" என்றேன். வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்களோடு நின்றார். நடுவானில் பூமியின் நிழலுக்குள் போய் அது மறையும்வரை பார்த்துவிட்டு, "திரும்ப எப்ப வரும்?" என்று கேட்டார்.