மாடியிலிருந்து மலைக்கோட்டை

கேள்வி: திருச்சியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும். மாலையில் கண்ணுக்கு அவ்வளவு அழகு, செல்போனில் எடுத்தால் வெளிறிப்போகிறது. ஏன்?

பதில்: வீடு மலைக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே! மேற்கே என்றால் கொடுத்துவைத்தவர், சாயும் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்ப் பாறையில் நேராக விழும். அந்த நேரத்து ஒளி காற்றில் அதிக தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறி, செம்மஞ்சள்தான் மிஞ்சுகிறது. போன் அதைக் குறை என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் (பகல் வெளிச்சம்) நிறுத்துங்கள், திரையில் பாறையை விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கிழக்கே என்றால் மலை கருநிழலாகத்தான் விழும், அதுவும் அழகுதான், வானத்தைத் தொட்டு எடுங்கள். அப்புறம், சூரியன் மறைந்ததும் இறங்கிவிடாதீர்கள். உச்சிப்பிள்ளையார் கோயிலில் விளக்குகள் எரிய, வானத்தில் நீலம் இன்னும் மிச்சமிருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் காத்திருப்பேன்.