சாவி யார் கையில? செட்டிநாட்டு வீடுகளுக்கான காப்பீடு: கேள்வி பதில்

காரைக்குடியில ஒரு காப்பீட்டு நிறுவனத்துல தீ பாலிசிப் பிரிவுல ரொம்ப வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்ப ஓய்வு. ஆனாலும் ஐப்பசி மழைக்கு நாலு நாள் முன்னாடி போன் அடிக்க ஆரம்பிச்சிடும். இந்தத் தடவை வந்த கேள்விகளை ஒரே இடத்துல எழுதிடறேன்.

பள்ளத்தூர் வீடு, நாங்க இருக்கிறது சென்னை. ஐயா கட்டினது, இப்ப பதினோரு புள்ளி, அதாவது பதினோரு பங்காளிக் குடும்பம். வரியும் கரண்ட் பில்லும் நான்தான் கட்டறேன். என் பேர்ல பாலிசி எடுத்தாப் போதுமாண்ணே?

எடுக்கலாம் தம்பி, ஆனா உங்க பங்கு அளவுக்குத்தான் காசு வரும். சொத்து போனா யாருக்கு எவ்வளவு நஷ்டமோ, அவங்களுக்கு அவ்வளவுதான் காப்பீடு தரும். பில் கட்டறதால பங்கு கூடாது. பங்காளிகள் எல்லார் பேரையும் பாலிசியில போடுங்க. ஒருத்தருக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டா கையெழுத்துக்கு அலைய வேண்டாம். இதுக்குன்னு தனியாக் கூட்டம் போட வேண்டாம், முன்னோரைக் கும்பிடற படைப்புக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அன்னைக்கே முடிச்சிடுங்க. நடுவுல யாராவது தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தா, அதையும் கம்பெனிக்குச் சொல்லிப் பேரை மாத்தணும்.

புரோக்கர் எங்க வீடு மூணு கோடி போகும்கிறார். அந்தத் தொகைக்கே எடுக்கலாமா?

புரோக்கர் சொல்றது மனையும் சேர்த்து. மனை எரியாது, அதுக்கு எதுக்குப் பிரீமியம்? இன்னைக்குத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. மொத்தப் பரப்பை ஒரு சதுர அடிக்கு ஆகுற கட்டுமானச் செலவால பெருக்கணும். 10,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய்னு வச்சுக்கிட்டா 2.5 கோடி. நம்ம ஊர்ல சிக்கல் அந்த 2,500லதான் இருக்கு. அது கான்கிரீட் வீட்டு ரேட். பட்டாலையில, அதான் அந்த உசந்த கூடத்துல, நிக்கிற பர்மா தேக்குத் தூண் எந்த ரேட்டுல வரும்? முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் எங்க? பழைய வீடு பழுது பார்க்கிற ஒரு என்ஜினீயரை வச்சு மதிப்பு எழுதி வாங்குங்க. வீட்டோட ஒவ்வொரு பகுதியையும் போட்டோ எடுங்க: முகப்பு, வளவு (உள் முற்றம்), இரண்டாம் கட்டு, கூரையோட அடிப்பக்கம்.

குறைச்சு எடுத்தா என்ன ஆகும்னு அடுத்த கேள்வி வரும். பழைய தீ பாலிசியில ஒரு கோடி வீட்டை 40 லட்சத்துக்கு எடுத்திருந்தா, 10 லட்சம் சேதத்துக்கு 4 லட்சம்தான். 2021 ஏப்ரல் 1 முதல் குடியிருக்கிற வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ன்னு ஒரு பாலிசி வந்திருக்கு. அதுல இந்த வெட்டு கிடையாது, எடுத்த தொகை வரைக்கும் சேதம் முழுசாக் கிடைக்கும். கட்டடத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உள்ளே இருக்கிற சாமானுக்குத் தானாவே சேரும். பத்து வருஷத்துக்குச் சேர்த்தும் எடுக்கலாம்.

கானாடுகாத்தான். வீடு வருஷத்துல பதினொரு மாசம் பூட்டித்தான் கிடக்கு. அதனால ஏதும் தொந்தரவு வருமா?

நீங்க ஒருத்தர்தான் ஆச்சி சரியான கேள்வி கேட்டிருக்கீங்க. பழைய தீ பாலிசியில ஒரு நிபந்தனை இருந்துச்சு: 30 நாளுக்கு மேல ஆள் இல்லாமக் கிடந்தா, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பாலிசியில ஒப்புதல் குறிப்பு (எண்டார்ஸ்மென்ட்) வாங்கலேன்னா காப்பு நின்னுபோகும். ஒரு வீட்டுல மின்கசிவுல தீப்பிடிச்சு முகப்போட மேல்மரம் கருகிப்போச்சு. சேதத்தைக் கணக்குப் பார்க்க வந்த சர்வேயரோட நானும் போயிருந்தேன். “பக்கத்துல அத்தை இருக்காங்க, தெனம் விளக்கேத்துவாங்க”ன்னு வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே வர்றார். சர்வேயர் ஒண்ணும் பேசலை. வளவுல ஆணியில தொங்கின தினசரி காலண்டரையே பார்த்துக்கிட்டு நின்னார். தை மாசத்துல கிழிச்சது அப்படியே நிக்குது. தீப்பிடிச்சது ஆடியில. காசு வரலை.

அதனால, எந்தப் பாலிசி எடுத்தாலும் ‘ஆள் இல்லாத வீடு’ பத்தி என்ன எழுதியிருக்குன்னு தேடிப் படிங்க. “வீடு பெரும்பாலும் பூட்டியிருக்கும், காவலுக்கு இன்னார் இருக்கார்”னு எடுக்கும்போதே எழுதிக் கொடுத்து, ஒப்புதலை எழுத்துல வாங்குங்க. ஏஜென்ட் வாயால சொல்ற “பாத்துக்கலாம் ஆச்சி” செல்லாது. வாட்ச்மேன் சம்பளத்துக்கு ரசீது வச்சுக்கங்க.

கதவும் நிலையும் களவு போனா?

கிருஹ ரக்ஷாவுல தனித் திருட்டு சேராது. தீ, புயல் மாதிரி நடந்து, அதனாலயே ஏழு நாளுக்குள்ள திருடு போனா மட்டும்தான் உண்டு. மத்த களவுக்குத் தனியா பர்க்ளரி பாலிசி எடுக்கணும். அதுலயும் உடைச்சு உள்ளே வந்த தடயம் வேணும், போலீஸ் புகார் வேணும். வெள்ளிச் சாமான், பழைய ஓவியம், நகை எல்லாம் ‘மதிப்புமிக்க பொருள்’ங்கிற தனி வகை. விலை மதிப்பிட்டு, பட்டியல் போட்டுச் சேர்த்தாத்தான் உண்டு. பெட்டகத்துல இருக்கிறது அத்தனையும் எழுதுங்க, குழந்தை ஆட்டுற கிலுக்கு வரைக்கும்.

ஓடு ஒழுகி உத்தரத்துல கரையான்...

கிடைக்காது. புயல்ல ஓடு பறந்தாக் காப்பீடு, பத்து வருஷமா ஒழுகினாக் கொத்தனார்.

ஷூட்டிங்குக்கு விடறோம். ரெண்டு ரூம் தங்கவும் விடலாம்னு இருக்கோம்.

அப்ப அது குடியிருக்கிற வீடு இல்லை, வியாபாரம். சொல்லாம விட்டா அதையே காரணமாக் காட்டிக் கையை விரிச்சிடுவாங்க. சொத்து மதிப்பு 5 கோடி வரைக்கும்னா ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ன்னு வியாபாரத்துக்கான பாலிசி ஒண்ணு இருக்கு, அதுல 15 சதவீதம் வரைக்கும் குறைச்சு எடுத்திருந்தாலும் வெட்ட மாட்டாங்க. ஷூட்டிங் பார்ட்டிகிட்ட அவங்க பாலிசி நகலைக் கேளுங்க. லைட் ஸ்டாண்டை ஆத்தங்குடிப் பூக்கல்லுல இழுத்துக் கீறினா யார் கொடுக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கட்டும்.

மகன் பினாங்குல சின்ன உல்லாசப் படகு வாங்கியிருக்கான். அதுக்கும் இதே மாதிரிதானா?

அடடா, பர்மாவுக்குக் கப்பல்ல போனவங்க பேரன்! கேள்வி அதே கேள்விதான்: எங்க நிக்குது, யார் ஓட்டறா, எத்தனை மாசம் சும்மா கிடக்கு. படகு பாலிசியில எந்தக் கடல் எல்லை வரைக்கும் போகலாம்னு எழுதியிருக்கும், தாண்டினாக் காப்பு இல்லை. ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ன்னா முழுசாப் போனா அந்தத் தொகை அப்படியே வரும், ‘சந்தை மதிப்பு’ன்னா தேய்மானம் கழிச்சு வரும். முதலாவதைக் கேட்கச் சொல்லுங்க. வெளியில மாட்டுற மோட்டார் கழண்டு தண்ணியில விழுந்தா, லண்டன் காப்பீட்டுச் சந்தையோட வழக்கமான நிபந்தனைப்படி எழுதின பாலிசியில கிடைக்காது. பூட்டுப் போட்டு, சங்கிலியும் போடட்டும். அடுத்தவன் படகுல மோதினா வர்ற நஷ்டஈட்டுக்கும் காப்பு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, பெரிய செலவு அங்கதான்.

கிளெய்மை மறுத்துட்டாங்க. வக்கீலைப் பார்க்கவா?

முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லேன்னாலோ, வந்த பதில் பிடிக்கலேன்னாலோ, சென்னையில இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள்ள மனு போடலாம். 50 லட்சம் வரைக்கும் அவர் தீர்க்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மனுவோட மறுப்புக் கடிதம், பாலிசி நகல் ரெண்டையும் வைங்க. ‘வீடு பூட்டியிருக்கும்’னு நீங்க எழுதிக் கொடுத்த கடிதத்தோட நகல் இருந்தா, அதை எல்லாத்துக்கும் மேல வைங்க.