மார்கன் பல்க்லி: எந்தப் பதவியை முன்னால் வைத்து எழுதுவது?

தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு அமெரிக்கர் மார்கன் பல்க்லியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காப்பீட்டு நிறுவனத் தலைவர், மேயர், ஆளுநர், செனட்டர், பேஸ்பால் தேசிய லீக்கின் முதல் தலைவர் என்று பதவிகள் நீள்கின்றன. எதிலிருந்து தொடங்குவது? லீக்கை ஒரே ஓர் ஆண்டு நடத்தியவருக்குப் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் எப்படி இடம் கிடைத்தது?"

பேஸ்பாலில் தொடங்காதீர்கள். ஏட்னா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் தொடங்குங்கள். பல்க்லி 1837இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். அந்த நிறுவனத்தின் முதல் தலைவர் அவருடைய தந்தை. சிறு வயதிலேயே புரூக்ளினில் உறவினரின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து தொழில் பழகிய பல்க்லி, 1872இல் தந்தை இறந்ததும் ஹார்ட்ஃபோர்டு நகருக்குத் திரும்பினார். 1879இல் ஏட்னாவின் தலைவரானவர் 1922இல் இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. 1880 முதல் 1888 வரை மேயராகவும், பிறகு ஆளுநராகவும், 1905 முதல் 1911 வரை செனட்டராகவும் இருந்ததெல்லாம் ஏட்னாவை நடத்திக்கொண்டேதான்.

பணமும் பதவியும் எப்படிக் கைகோத்தன என்பதைக் காட்ட அவருடைய ஆளுநர் காலமே போதும். இதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். 1890 ஆளுநர் தேர்தலில் பல்க்லி போட்டியிடவே இல்லை. பாதிக்கு மேல் வாக்கு பெற்றால்தான் வெற்றி என்பது அன்றைய சட்டம். எண்ணிக்கையில் சர்ச்சை எழுந்தது, சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒத்துப்போகவில்லை. புதியவர் வரும்வரை நானே ஆளுநர் என்று பல்க்லி உட்கார்ந்துவிட்டார். 1891இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த மாநிலக் கணக்கு அதிகாரி, ஆளுநர் அலுவலகக் கதவின் பூட்டை மாற்றினார். பல்க்லி கடப்பாரையால் கதவைத் திறக்க வைத்தார். 'கடப்பாரை ஆளுநர்' என்ற பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சட்டமன்றம் நிதி ஒதுக்காதபோது ஏட்னாவின் பணத்தில் மாநில அரசு ஓடியது. ஒரு தனியார் நிறுவனத்தின் கஜானாவை நம்பி அரசு நடந்தது என்பதை அழுத்தமாகவே எழுதுங்கள்.

இனி பேஸ்பால். ஹார்ட்ஃபோர்டு டார்க் புளூஸ் அணியின் தலைவர் பல்க்லி. 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் விடுதி ஒன்றில், தொழில்முறை பேஸ்பால் அணிகளின் கூட்டமைப்பான தேசிய லீக் பிறந்தது. திட்டமும் உழைப்பும் சிகாகோ அணியின் வில்லியம் ஹுல்பர்ட்டுடையவை. மேற்கத்திய அணிகளின் கை ஓங்கிவிடுமோ என்ற அச்சம் கிழக்கு அணிகளுக்கு வராதிருக்க, கிழக்கைச் சேர்ந்த, மதிப்புள்ள ஒருவர் தலைவராக இருப்பது நல்லதாயிற்று. பல்க்லி ஓர் ஆண்டு இருந்து விலகினார். அடுத்த தலைவர் ஹுல்பர்ட்.

1937இல் புகழ் மண்டபத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த குழு, இன்னொரு பெரிய பேஸ்பால் கூட்டமைப்பான அமெரிக்க லீக்கின் முதல் தலைவர் பான் ஜான்சனைச் சேர்த்தது. அவருக்கு இணையாகத் தேசிய லீக்கின் முதல் தலைவரும் உள்ளே போனார். ஆக, அது பதவிக்குக் கிடைத்த இடம். ஹுல்பர்ட்டோ 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். பேஸ்பால் 1839இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் பிறந்தது என்று அறிவித்த மில்ஸ் ஆணையத்தில் பல்க்லியும் உறுப்பினர். அந்த முடிவை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் புகழ் மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் அமைந்ததற்கு அந்த அறிவிப்புதான் காரணம்.

சூதாட்டத்தை ஒழித்தவர் என்று அவரைப் பாராட்டும் குறிப்புகள் உங்கள் கண்ணில் படலாம். அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு தோற்ற விவகாரத்தில் லூயிவில் அணி வீரர்கள் நால்வர் வெளியேற்றப்பட்டது 1877இல், ஹுல்பர்ட் தலைவராக இருந்தபோது. நியூயார்க், பிலடெல்பியா அணிகள் ஆட்ட அட்டவணையை முடிக்காததற்காக நீக்கப்பட்டபோதும் முன்நின்றவர் ஹுல்பர்ட்தான்.