டிரோன் ப்ராஜெக்டை வேற லேப்டாப்ல திறந்தா போட்டோவே காணோம், போல்டரை எப்படித்தான் வைக்கறது?

கேள்வி: அண்ணா, நாங்க மூணு பேர் சேர்ந்து கரூர் பக்கம் கல் குவாரிகளுக்கு மாசாமாசம் டிரோன் விட்டு வால்யூம் (வெட்டின கல்லோட கன அளவு) எடுத்துக் கொடுக்கறோம். டிரோன் போட்டோவைச் சேர்த்து மேப்பாக்கற சாஃப்ட்வேர் மெட்டாஷேப். நான் முடிச்ச ப்ராஜெக்டை பார்ட்னருக்கு அனுப்பினா ஒண்ணு திறக்கவே மாட்டேங்குது, இன்னொண்ணு திறந்தாலும் போட்டோ காணோம்னு வருது. எல்லாமே டெஸ்க்டாப்லதான் கிடக்கு. எப்படி அடுக்கி வைக்கறதுன்னு சொல்லுங்க.

பதில்: தம்பி, இது ரெண்டு வேற வேற கோளாறு. முதல்ல திறக்காததைப் பாப்போம். நீங்க பிஎஸ்எக்ஸ்ங்கற ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் வாட்ஸப்ல தட்டி விட்டிருப்பீங்க, சரியா? அதோட சைஸைப் பாருங்க, சில கேபி கூட தேறாது. உள்ள ஒண்ணுமே கிடையாது, பக்கத்துல அதே பேர்ல "டாட் ஃபைல்ஸ்"னு முடியற ஒரு போல்டர் இருக்கும், அலைன்மென்ட் (போட்டோக்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்தினது), பாயிண்ட் க்ளவுட் (3டி புள்ளிகள்), டிஇஎம் (தரையோட உயர மேப்), ஆர்த்தோ (மேலருந்து பாத்த மாதிரி ஒட்டின படம்) எல்லாம் அதுக்குள்ளதான். ரெண்டும் ஜோடியாத்தான் போகணும், எக்ஸ்ப்ளோரர்ல ஒண்ணோட பேரை மட்டும் மாத்தினாலும் போச்சு. பேர் மாத்தணும்னா சாஃப்ட்வேருக்குள்ளயே சேவ் ஆஸ் போடுங்க. பிக்ஸ்4டி வச்சிருக்கவங்களுக்கும் இதே கதைதான், பி4டி ஃபைலும் அதே பேர் போல்டரும் பிரியக்கூடாது.

இப்ப போட்டோ காணாமப் போறது. போட்டோ எதுவும் ப்ராஜெக்டுக்குள்ள வர்றதில்ல, எங்க இருக்குங்கற அட்ரஸ் மட்டும்தான் பதிவாகும். மெட்டாஷேப் சும்மா விட்டா ப்ராஜெக்ட் இருக்கற இடத்துலருந்து போட்டோவுக்கு எப்படிப் போறதுன்னுதான் வழி எழுதி வைக்கும், அதனால ரெண்டும் ஒரே தாய் போல்டருக்குள்ள இருந்து அந்தத் தாய் போல்டரையே மொத்தமா தூக்கிட்டுப் போனா எந்த லேப்டாப்லயும் திறக்கும். போட்டோ டி டிரைவ்லயும் ப்ராஜெக்ட் சி டிரைவ் டெஸ்க்டாப்லயும் இருந்தா அந்த வழி கிடைக்காது. ப்ரிஃபரன்ஸ்ல அட்வான்ஸ்ட் பக்கத்துல முழு பாத்தையும் சேமிக்கச் சொல்ற ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க. ஏற்கெனவே அறுந்து போனதுக்கு, போட்டோ மேல ரைட் க்ளிக் பண்ணி சேஞ்ச் பாத் கொடுத்து புது இடத்தைக் காட்டுங்க, மத்ததையும் சேர்த்து மாத்த அதுலயே ஆப்ஷன் இருக்கு.

அடுக்கறது நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன். குவாரிக்கு ஒரு போல்டர், அதுக்குள்ள ஒவ்வொரு விசிட்டுக்கும் தேதி போட்டு ஒண்ணு. தேதியை 20240614 மாதிரி வருஷத்துலருந்து எழுதுங்க, 14-06னு ஆரம்பிச்சா எல்லா மாசத்து 14ம் தேதியும் ஒண்ணா வந்து நிக்கும். தேதிக்குள்ள நாலே நாலு: ஒரிஜினல் போட்டோ, கன்ட்ரோல், ப்ராஜெக்ட், அவுட்புட். பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல, ஸ்பேஸ் விடாம, சின்னதா வைங்க. தமிழ் எழுத்து பாத்தைப் பாத்தா சில சாஃப்ட்வேர் முகம் சுளிக்கும், விண்டோஸ்ல பாத் நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலும் வம்புதான்.

ஒரிஜினல் போட்டோ போல்டர்லதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பழைய ஃபேன்டம், மேவிக் டிரோன் எல்லாம் போட்டோ பேரை டிஜேஐ 0001ல ஆரம்பிச்சு 0999 வந்ததும் அடுத்த போல்டர் போட்டு திரும்ப 0001லருந்து எண்ணும். ரெண்டு கார்டையும் ஒரே போல்டர்ல கொட்டினா ரீப்ளேஸ் பண்ணவான்னு விண்டோஸ் கேக்கும், நாம வெயில்ல நின்ன களைப்புல எஸ்னு அமுக்குவோம், பாதி குவாரி காலி. அதனால ஃப்ளைட்டுக்கு ஒரு உள்போல்டர், கார்டுல இருந்தது இருந்தபடியே. ஃபேன்டம் 4 ஆர்டிகேன்னா போட்டோ கூடவே டைம்ஸ்டாம்ப் எம்ஆர்கே, ரைனெக்ஸ், பிபிகே ரா ஃபைலெல்லாம் கிடக்கும், ஜேபெக் மட்டும் செலக்ட் பண்ணி காப்பி அடிச்சிட்டு கார்டை ஃபார்மட் போட்டா அப்புறம் பிபிகே (பறந்து முடிச்சப்புறம் போட்டோ எடுத்த இடத்தைத் துல்லியமா திருத்தறது) பண்ணவே முடியாது. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பி வாங்கின படத்தையும் உள்ள போடாதீங்க, ஜிபிஎஸ் விவரமெல்லாம் உதிர்ந்துதான் வரும். ஆர்த்தோவை நாளைக்கே திரும்ப ஓட்டிக்கலாம், ஜூன் மாசம் குவாரி இருந்த நிலையைத் திரும்பப் பறந்து எடுக்க முடியாது, அதனால இந்தப் போல்டர் ரெண்டு டிஸ்க்ல ஏறாம கார்டைத் தொடாதீங்க.

கன்ட்ரோல் போல்டர்ல ஜிசிபி (தரையில அளந்து வச்ச குறிப்புள்ளி) லிஸ்ட், பேஸ் பாயிண்ட் (ஜிபிஎஸ் பேஸ் கருவி வச்ச இடம்), ஃபீல்டு புக் பக்கத்தை எடுத்த போட்டோ, கூடவே ஒரு சின்ன நோட்பேட் ஃபைல். அதுல எந்த யூடிஎம் ஸோன் (மேப்புக்காக உலகத்தைப் பிரிச்ச நம்பர் போட்ட பட்டை), ஹைட் எலிப்சாய்டா (ஜிபிஎஸ் கொடுக்கற உயரம்) எம்எஸ்எல்லா (கடல் மட்டத்துலருந்து உயரம்), ஜிபிஎஸ் ஆன்டெனா உயரம் எவ்வளவுன்னு எழுதி வைங்க. உங்க ஊருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ரெண்டு ஸோனைப் பிரிக்கற 78 டிகிரி தீர்க்கரேகை உங்க மாவட்டத்துக்குள்ளயே போகுது, அரவக்குறிச்சி 43வது ஸோன்ல, கரூர் டவுன் 44ல. ஹைட்டுல எலிப்சாய்டும் எம்எஸ்எல்லும் மாறினா நம்ம பக்கம் கிட்டத்தட்ட 90 மீட்டர் வித்தியாசம், அது கண்ணுக்கே தெரிஞ்சிடும், சின்னத் தப்புதான் ஆபத்து. ஒரு தடவை நானே ஆன்டெனா உயரத்தை 10 சென்டிமீட்டர் தப்பா போட்டுட்டேன், ஒரு ஹெக்டேருக்கு அது 1000 கன மீட்டர், பில்லைப் பாத்துட்டு பார்ட்டி போன் பண்ணினப்பதான் தெரிஞ்சுது, ஃபீல்டு புக் போட்டோ இருந்ததால அன்னிக்குத் தப்பிச்சேன்.

மாசாமாசம் ஒப்பிடற வேலைங்கறதால தேதிக்கெல்லாம் வெளியில குவாரி போல்டருக்கு நேர் கீழ "காமன்"னு ஒண்ணு வைங்க. குவாரி பவுண்டரி, நிரந்தர பெஞ்ச்மார்க், முதல் மாச டிஇஎம் இதெல்லாம் அங்க. மாசாமாசம் பவுண்டரியைப் புதுசா வரைஞ்சா வால்யூம் ஓரத்துல ஆடிக்கிட்டே இருக்கும். பவுண்டரி ஷேப் ஃபைல்னா எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே நாலும் சேர்ந்தே போகணும்.

அவுட்புட்டைப் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்"னு வைக்காம வி1 வி2ன்னு போடுங்க, பார்ட்டிக்குப் போனது எதுன்னு நோட்பேட்ல குறிங்க.

டெஸ்க்டாப்பை மட்டும் விட்டுடுங்க. நிறைய லேப்டாப்ல டெஸ்க்டாப் ஒன்டிரைவோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ப்ராசஸ் ஓடும்போது அது பின்னாடி சிங்க் பண்ணிக்கிட்டே கெடுக்கும். ஓட்டறது லோக்கல் எஸ்எஸ்டில, முடிஞ்சதும் பேக்கப் டிஸ்க்குக்கு. நடுவுல கரன்ட் போய் அப்புறம் ரீட் ஒன்லின்னு திறந்தா பயப்படாதீங்க, டாட் ஃபைல்ஸ் போல்டருக்குள்ள லாக்னு ஒரு ஃபைல் மிச்சம் நிக்கும், வேற யாரும் அதைத் திறந்து வைக்கலைன்னு உறுதி பண்ணிட்டு அழிச்சிடுங்க. இடம் பத்தலைன்னா பில் வந்தப்புறம் டெப்த் மேப்பை (ப்ராசஸ் நடுவுல உருவாகற ஃபைல்) தூக்கலாம், ஆனா ஜிசிபிக்கு மார்க்கர் வச்ச ப்ராஜெக்டை அழிக்காதீங்க, போட்டோ போட்டோவா உக்காந்து க்ளிக் பண்ணது உங்க கைவேலை.

பழசையெல்லாம் ஒரேயடியா மாத்த வேணாம், போன மாசத்தை மட்டும் இப்படி மாத்தி சேஞ்ச் பாத் கொடுத்து சேவ் பண்ணுங்க. அப்புறம் பழைய போட்டோ போல்டரோட பேரை வேணும்னே மாத்தி வச்சிட்டு ப்ராஜெக்டைத் திறங்க. போட்டோ வந்துச்சுன்னா பார்ட்னர் லேப்டாப்லயும் வரும்.