மொடலில் சரியாத மலை

அன்புள்ள அக்கா,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கண்டியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை செய்துகொண்டே பேராதனையில் பகுதிநேரமாக முதுமாணி படிக்கிறேன். பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, ஆய்வேடுதான் நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே இருந்த சரிவு பெருமழையில் வெடித்துக் கீழே இறங்கியது. யாருக்கும் உயிராபத்து இல்லை. அதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன். மண் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் சோதித்தேன், தண்ணீர் ஊடுபுகும் வேகம் மணிக்கு 3.6 மில்லிமீற்றர் அளவில் வந்தது. தோட்ட ஆபீசின் மழைப் புத்தகத்தில் அன்றைக்கு 160 மில்லிமீற்றர். இதையெல்லாம் போட்டுக் கணினியில் மொடல் ஓட்டினால் பாதுகாப்புக் காரணி 1.2க்குக் கீழே இறங்கவே இல்லை, அது 1க்கு இறங்கினால்தான் சரிவு விழும். சரிவு உண்மையில் விழுந்துவிட்டது, என் மொடலில் விழவில்லை. ஆய்வு தோற்றுவிட்டது என்றே நினைக்கிறேன். நுவரெலியா மாவட்டம் முழுவதுக்கும் விரித்தால் சரியாகுமா? சுப்பவைசருக்கு மெயில் போட்டுப் பல வாரமாகிறது, பதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் நகர ஒரு இரவு போகிறது. டிப்ளோமாவோடு வெளியேறிவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ச.

அன்புள்ள தங்கச்சி,

விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆய்வு தோற்கவில்லை. சரிவு விழுந்ததும் மொடல் விழாததும் சேர்ந்துதான் உங்கள் ஆய்வேடு. அதைத் தேடி மாவட்டம் முழுக்க அலைய வேண்டியதில்லை, கையில் இருக்கிறது.

முதலில் அந்த 3.6ஐப் பார்ப்போம். கைக்குள் அடங்கும் ஒரு உருளைக்குள் எடுத்த மண் அது. எங்கள் மலைச்சரிவின் மண் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. மேலேயிருந்து காலங்காலமாக இறங்கிச் சேர்ந்த மண்ணும் பாறையும் கலந்து கிடக்கும், அதற்குள் பழைய வேர் அழுகிப்போன துளைகள், கறையான் வழிகள், முந்தின வருடத்து வெடிப்புகள் எல்லாம் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் ஓடும். அதனால் களத்தில் ஊடுபுகும் வேகம் ஆய்வுகூடத்து எண்ணைவிடப் பத்து மடங்கோ நூறு மடங்கோ கூடுதலாக இருப்பது ஒன்றும் அதிசயமில்லை.

அடுத்தது மழை. காலை எட்டரைக்கு அளக்கிற மழை முந்தின நாள் காலையிலிருந்து பெய்தது. எனவே திகதி ஒரு நாள் தள்ளிப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பக்கங்களையும் எடுத்திருந்தால் அங்குலமா மில்லிமீற்றரா என்றும் பாருங்கள். அப்புறம், அந்த 160ஐ 24 மணித்தியாலத்துக்கும் சமமாகப் பரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் செய்வது அதுதான். மணிக்கு 6.7 மில்லிமீற்றர் வரும். அது ஒரு மிதமான மழைதான். லயத்து ஆட்களிடம் கேட்டால், பின்னேரம் பிடித்து ராத்திரிக்குள் கொட்டித் தீர்த்தது என்று சொல்லக்கூடும். ஐந்து மணித்தியாலத்தில் கொட்டியிருந்தால் மணிக்கு 32.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், உங்கள் முழு ஆய்வேடும் இதில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மழையை மட்டும் ஐந்து மணித்தியாலத்துக்குள் அடைத்துவிட்டு ஊடுபுகும் வேகத்தை 3.6இலேயே வைத்தால் மொடல் இன்னும் பத்திரமாகத் தெரியும். ஏனென்றால் நாள் முழுக்கப் பெய்தால் 86 மில்லிமீற்றர் வரை உள்ளே இறங்கும், ஐந்து மணித்தியாலத்தில் 18தான் இறங்கும், மிச்சமெல்லாம் மேலால் வழிந்து ஓடிவிடும். அதுவே ஊடுபுகும் வேகத்தைப் பத்து மடங்காக்கி 36 என்று வைத்தால் பெய்த மழை அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும். (காய்ந்த மண் தொடக்கத்தில் இன்னும் வேகமாக உறிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது கணக்கின் பருமனை.) ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மழைக்கு இரண்டு மூன்று வடிவம், ஊடுபுகும் வேகத்துக்கு மூன்று பெறுமதி, அடியிலுள்ள பாறைக்கு மேல் தண்ணீர் தேங்குவதாக ஒரு தடவை, தேங்காததாக ஒரு தடவை. எந்தச் சேர்க்கையில் காரணி 1ஐத் தொடுகிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். அது ஒரு முழு அத்தியாயம், தங்கச்சி. நேர்மையான அத்தியாயம்.

காரணி இறங்கவேண்டும் என்பதற்காக, மண்ணின் வலிமையைக் காட்டும் பிணைவையோ உராய்வுக் கோணத்தையோ சத்தமில்லாமல் குறைத்து வைக்காதீர்கள். சரிந்த கணத்தில் காரணி 1 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு மண்ணின் வலிமையைக் காண்பது எல்லோரும் ஏற்கிற முறைதான். ஆனால் அதைச் செய்தேன் என்று வெளிப்படையாக எழுதவேண்டும், வந்த எண்ணை ஆய்வுகூட எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், பரீட்சகர் முதலில் கைவைக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கான், மழைத்தண்ணீர் வழிந்தோட வெட்டுகிற வாய்க்கால். உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த லயத்துக்கு மேலே தேயிலைக்குள் கான் இருந்திருக்கும். அது கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது? தூர்ந்துபோயிருந்தால் மேலேயிருந்து வந்த தண்ணீர் முழுக்கச் சரிவின் தலையில் தேங்கியிருக்கும், அந்த இடத்துக்கு மட்டும் 160ஐவிட எவ்வளவோ கூடுதலான தண்ணீர் போயிருக்கும். எந்த மென்பொருளும் இதை உங்களுக்குச் சொல்லாது. கான் வெட்டின பழைய ஆட்கள் இருப்பார்கள், போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் புதிதாக ஊற்று வந்தது, தண்ணீர் எப்போது கலங்கலாக வர ஆரம்பித்தது, எந்த மரம் சாய்ந்தது என்று அவர்கள் நாள் கிழமையோடு சொல்வார்கள். அதைக் களத்தகவலாகவே ஆய்வேட்டில் பதியலாம், யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு. நீங்கள் அந்தத் தோட்டத்துப் பிள்ளை, உங்களிடம் அவர்கள் பேசுவார்கள். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு அது அவ்வளவு எளிதில் கிடைக்காது.

மாவட்டம் முழுவதும் என்ற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது ஒரு நிறுவனம் ஆட்களை வைத்துச் செய்கிற வேலை. பேராதனையில் படிக்கிற உங்களுக்குப் பேராசிரியர் அ. துரைராஜாவைத் தெரிந்திருக்கும், பொறியியல் பீடத்துக்கு நீங்கள் கடந்துபோகிற அக்பர் பாலம் அவர் வடிவமைத்தது. 1961இல் கேம்பிரிட்ஜில் அவர் முடித்த கலாநிதி ஆய்வு எதைப்பற்றியது தெரியுமா? கயோலின் களியும் மணலும். உலகத்து மண் அத்தனையும் இல்லை, அந்த இரண்டின் சில இயல்புகள் மட்டும். 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, சுமை ஏறும்போது களிமண் எப்படி நடக்கும் என்று கணிக்கிற கேம் களி மொடலின் அடிப்படைகளில் ஒன்று, இன்றைக்கும் மண்பொறியியல் வகுப்புகளில் அந்த மொடலைப் படிப்பிக்கிறார்கள். அந்த ஆளே இரண்டு மண்ணோடு நின்றிருக்கிறார். உங்களுக்கு ஒரு சரிவும் ஒரு மழையும் போதும்.

அந்த ஒன்று சின்ன விஷயமும் இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் தயாராகுங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள் என்றுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் போகின்றன. ஒரு பெரும் பிரதேசத்துக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லாமல் முடியாது. ஆனால் ஒவ்வொரு சரிவும் தன் மண்ணுக்கும் தன் கானுக்கும் ஏற்றபடிதான் நடக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் பட்ட பாட்டை நீங்களும் நானும் கண்ணால் பார்த்தோம். தோட்டத்து லயத்துக்கு மேலேயுள்ள ஒரு சரிவு எப்படி, எத்தனை மணித்தியாலத்தில், எந்த வழியால் தண்ணீரை உள்ளே எடுத்தது என்று முழுதாகப் பதிந்த ஒரு ஆவணம் கிடைத்தால் அடுத்த ஆள் அதன்மேல் நின்று வேலை செய்யலாம். பாதியில் நின்ற ஆய்வு உங்கள் மடிக்கணினியிலேயே கிடக்கும். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். எங்கள் பிள்ளைகள் கஷ்டப்பட்டுச் சேர்த்த தரவுகள் எத்தனை இப்படிக் கிடக்கின்றனவோ.

டிப்ளோமா பற்றி. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9, ஆய்வோடு சேர்ந்த முதுமாணி 10. பிறகு கலாநிதிப் படிப்புக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 8க்கும் 10க்கும் உள்ள தூரம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். வீட்டில் வருத்தம், பணக்கஷ்டம் என்று ஒரு காரணம் இருந்திருந்தால் டிப்ளோமாவோடு வாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு எண் சரியாக வரவில்லை என்ற சோர்வுதான் இருக்கிறது.

எழுதுவதற்கு வருகிறேன். முன்னுரையில் தொடங்கித்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு இரவு போகிறது என்று ஊகிக்கிறேன். அதைக் கடைசிக்கு வையுங்கள். என்ன செய்தேன் என்ற அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். குழி எங்கே தோண்டினீர்கள், எவ்வளவு ஆழம், மாதிரியை எப்படி மூடிக் கொண்டுவந்தீர்கள், எந்தப் பரிசோதனை, மொடலில் எல்லைகளை எப்படி வைத்தீர்கள். இதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம், கடந்தகாலத்தில் சின்னச் சின்ன வசனங்கள் போதும். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு யோசனை தமிழில் ஓடினால் முதல் பிரதியைத் தமிழில் கையால் எழுதுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்து முடிவுகள், பிறகு அவற்றைப் பற்றிய விவாதம். மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் அதற்குப் பிறகு, ஏனென்றால் உங்களுக்கு எந்தக் கட்டுரைகள் தேவை என்று அப்போதுதான் தெரியும். அந்த அத்தியாயத்தில் மற்றவர் வசனத்தை ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். வாசித்து, மூடி வைத்துவிட்டு, விளங்கியதை எழுதுங்கள்.

சனி ஞாயிறுகளில் மட்டும் எழுதினால் போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடவே சனிக்கிழமை முடிந்துவிடும். வேலையிடத்தில் இரண்டு வாரமாவது தொடர்ச்சியாக லீவு கேளுங்கள், சம்பளமில்லாமல் என்றாலும் பரவாயில்லை. வேலைநாட்களில் அரை மணித்தியாலமாவது கோப்பைத் திறந்து வையுங்கள்.

சுப்பவைசர் பதில் போடாததை உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “மொடல் சரிவரவில்லை, என்ன செய்வது” என்ற மெயிலுக்குப் பதில் எழுத ஒரு பின்னேரம் வேண்டும், அவருக்கு வகுப்பும் விடைத்தாளும் குவிந்திருக்கும். அந்த அட்டவணையையும் எழுதிய அத்தியாயத்தையும் அச்செடுத்து, ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய மூன்று கேள்விகளை மேலே எழுதிக்கொண்டு நேரில் போங்கள். நீங்கள் கண்டியில்தானே இருக்கிறீர்கள், பேராதனை பஸ்ஸில் பக்கம். கேள்விகளில் ஒன்று இதுவாக இருக்கட்டும்: ஒரு சரிவு, ஒரு மழை, இந்த எல்லையோடு தலைப்பைச் சுருக்கலாமா? எழுத்தில் எதையாவது கையில் வைத்துக்கொண்டு வருகிற மாணவியைத் திருப்பி அனுப்பிய ஆசிரியரை நான் கண்டதில்லை.

ஆய்வேட்டின் கடைசியில் உங்கள் வேலையின் எல்லைகளைப் பயப்படாமல் எழுதுங்கள். மழை நாளுக்கு ஒரு தடவை அளந்தது, நீர்மட்டக் குழாய் போடவில்லை, மாதிரிகள் குறைவு. இதை நீங்களே எழுதிவிட்டால் வைவாவில் அது உங்கள் பலம். மறைத்தால் அவர்கள் தோண்டி எடுப்பார்கள்.

லயத்து ஆட்கள் தங்கள் வீட்டுப் பின்னால் உங்களைக் குழி தோண்ட விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், எந்தக் கான் அடைபடக்கூடாது, எந்த இடத்தில் வெடிப்பைக் கண்டால் உடனே இறங்கவேண்டும் என்று. தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பதிவுக்காலம் எப்போது முடிகிறது என்று இந்த வாரமே பீடத்தில் கேளுங்கள். கிட்டியிருந்தால், முடிவதற்கு முன்னால் நீடிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு கேட்பது வேறு கதை. அம்மாவிடம் வெளியேறுவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம். கான் வெட்டின ஆட்கள் யார் யார் என்று அவரிடமே கேளுங்கள், தெரிந்திருக்கும். முறைகள் அத்தியாயம் எழுதி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா