வர்க்கமூலத்தைச் சுருக்குவது: கேள்வி பதில்

கே: √72-ஐச் சுருக்கினால் எனக்கு 3√8 வருகிறது. விடையில் 6√2 என்று இருக்கிறது. எது சரி?

ப: இரண்டும் ஒரே எண்தான். ஆனால் நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள். 8-க்குள் இன்னும் ஒரு 4 இருக்கிறது. 72-ஐ 36 × 2 என்று பிரித்தால் ஒரே படியில் முடியும்.

கே: √(9 + 16) = 3 + 4 = 7 தானே?

ப: இல்லை, √25 = 5. ரூட்டுக்குள் பெருக்கல் இருந்தால் பிரிக்கலாம், கூட்டலைப் பிரிக்கவே கூடாது.

கே: √2023 போல பெரிய எண் வந்தால் எந்த முழு வர்க்கம் வகுக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பலர் 44 வரை தேடுகிறார்கள், அவ்வளவு வேண்டாம். 13-இன் கனம் 2197, அதுவே 2023-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் 2, 3, 5, 7, 11 ஆகிய பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே 7 மட்டும் ஒரு முறை வகுக்கும், மீதி 289. இந்த மீதியில் இனி 13 அல்லது அதைவிடப் பெரிய பகா எண்கள்தான் இருக்க முடியும். அப்படி மூன்று இருந்தால் பெருக்கல் 2197-க்குக் குறையாது. ஆக, அதிகம் போனால் இரண்டு. அந்த இரண்டும் ஒன்றேயா என்பதுதான் மிச்சக் கேள்வி, அதாவது 289 முழு வர்க்கமா? ஆம், 17 × 17. விடை 17√7. முழு வர்க்கமாக இல்லையென்றால் மீதி அப்படியே உள்ளேயே இருக்கும்.

கே: கனமூலத்துக்கும் இதே வழியா?

ப: ஆம், 8, 27, 64 என்று தேடுங்கள். ∛54 = 3∛2.

கே: √(அ² + 4) = அ + 2 என்று எழுதலாமா?

ப: மேலே சொன்னதேதான். அ-வுக்கு 3 போட்டுப் பாருங்கள், √13 ஒருநாளும் 5 ஆகாது.

கே: கால்குலேட்டர் √72-க்கு 8.485 தருகிறதே, 6√2 எதற்கு?

ப: 8.485-ஐ வர்க்கப்படுத்தினால் 71.995225 வரும், 72 வராது. √50 + √18 − √8 என்று ஒரு கணக்கு வந்தால், சுருக்கினால்தான் 5√2 + 3√2 − 2√2, அதாவது 6√2 என்று தெரியும்.

கே: மேலே கால்குலேட்டர் பற்றிக் கேட்டவன்தான். நான் அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன், மூன்று தசம இடமே எனக்கு அதிகம்.

ப: கடைசி வரியில் தசமம் போடுங்கள், அதில் தவறே இல்லை. நடுவில் போடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். √72 − 6√2 என்பது சுத்தமான பூஜ்யம். மூன்று இடத்தில் நிறுத்தினால் 8.485 − 6 × 1.414 = 0.001. அடுத்த வரியில் அதனால் வகுக்க நேர்ந்தால், வகுக்கவே முடியாத இடத்தில் உங்கள் கையில் ஒரு பெரிய எண் விடையாக வந்து நிற்கும்.

கே: √2 + √3 = √5 சரியா?

ப: கூட்டல். பிரிக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது.